ரூக்கிக்கு எத்தனை ஸ்னாப், மூத்தவருக்கு எத்தனை ஸ்னாப்?

2018 பிப்ரவரி 4, மினியாபொலிஸ். அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல்.-இன் இறுதி ஆட்டம், 52-வது சூப்பர் பவுல், முடிய இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக இருக்கிறது. ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் 38, நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் 33. பந்து பேட்ரியாட்ஸின் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) டாம் பிரேடியின் கையில். அந்த ஒரே ஆட்டத்தில் அவர் எறிந்த பந்துகள் மொத்தம் 505 யார்டுகளைத் தாண்டித் தந்தன. அதுவரை ஒரு தடவைகூட யாரும் அவரைப் பந்தோடு கீழே தள்ளவில்லை. ஈகிள்ஸ் முன்வரிசையில் வழக்கமாக ஓரத்தில் நிற்கும் பிராண்டன் கிரஹாம் அந்த ஸ்னாப்பில் (பந்தைப் பின்னால் கொடுத்துத் தொடங்கும் ஒவ்வொரு மோதலும் ஒரு ஸ்னாப்) உள்பக்கம், பிரேடியைக் காக்கும் கார்டுக்கு எதிரே நின்றார். கார்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே புகுந்து பிரேடியின் கையைத் தட்டினார். பந்து நழுவியது. தரையில் துள்ளிய அந்தப் பந்தைப் பிடித்தவர் டெரெக் பார்னெட், 2017 டிராஃப்டில் (கல்லூரி வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) 14-வதாக வந்த ரூக்கி, அதாவது முதல் சீசன் ஆள்.

தட்டியவருக்கு அது எட்டாவது சீசன், பிடித்தவருக்கு முதல் சீசன். இதை அதிர்ஷ்டம் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் ஒரு ரூக்கியும் ஒரு மூத்தவரும் பக்கத்தில் பக்கத்தில், கால் தளராமல் நிற்க வேண்டும் என்றால் அதற்கான முடிவை செப்டம்பரிலேயே எடுத்திருக்க வேண்டும். அந்த முடிவை எப்படியெல்லாம் எடுக்கலாம், எதற்கு என்ன விலை என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறேன்.

முதலில், தடுக்கும் அணியின் முன்வரிசையான டிஃபென்சிவ் லைனில் மட்டும் ஏன் இவ்வளவு ஆள் மாற்றம்? ஒரு ஆட்டத்தில் டிஃபென்ஸ் சுமார் 60 முதல் 70 ஸ்னாப் ஆடும். பின்னால் நிற்கும் கார்னர்பேக்கும் சேஃப்டியும் பெரும்பாலும் எல்லா ஸ்னாப்பும் நிற்பார்கள். முன்வரிசை ஆளின் நிலை வேறு. 130, 140 கிலோ உடம்பை வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஸ்னாப்பிலும் அதே எடையுள்ள இன்னொருவரோடு, சில சமயம் இருவரோடு, முட்ட வேண்டும். ஒரு ஸ்னாப் சில நொடிகளில் முடிந்துவிடும். ஆனால் அந்தச் சில நொடியும் முழு வேகம். அடுத்ததற்கு முன் கிடைப்பது 40 நொடிக் கடிகாரம் தரும் இடைவெளிதான். எதிரணி ஹடில் போடாமல் (கூடிப் பேசாமல்) விரட்டினால் அதுவும் கிடையாது. வேகப்பந்து வீச்சாளரை நாள் முழுக்க ஒரே முனையில் வீசவைக்க முடியாதது போலத்தான் இதுவும்.

இன்னொன்றும் உண்டு. ஆஃபென்ஸ் (பந்தை வைத்திருக்கும் அணி) ஆள் மாற்றினால் டிஃபென்ஸும் மாற்றிக்கொள்ள நடுவர்கள் நேரம் கொடுப்பார்கள். ஆஃபென்ஸ் மாற்றாவிட்டால் அந்த நேரம் வராது. அதாவது நாம் முன்வரிசையில் இறக்கிய நால்வரை எதிரணி களத்திலேயே சிறைவைத்துவிட முடியும். அதனால் எந்த நால்வர் சேர்ந்து நிற்கிறார்கள் என்பது, ஒவ்வொருவரும் மொத்தம் எத்தனை ஸ்னாப் ஆடினார்கள் என்பதைவிட முக்கியம். இந்த இடத்தை மறந்துவிட்டு சதவீதக் கணக்கை மட்டும் பார்ப்பவர்கள் நிறைய.

ரூக்கியிடம் என்ன இருக்கிறது? கால் வேகம், இளமை, முதல் அடியின் வெடிப்பு. என்ன இல்லை? கல்லூரியில் முன்னால் நின்ற பையனை உடம்பு பலத்தாலேயே தள்ளி ஜெயித்தவர் இங்கே தன்னைப் போன்ற பலசாலிகளை ஒவ்வொரு வாரமும் பார்க்கிறார். ஒரே வித்தையை மூன்றாவது முறை காட்டினால் எதிரில் நிற்பவர் அதற்குக் காத்திருக்கிறார். குவார்ட்டர்பேக் குரலை ஏற்றி இறக்கி ஏமாற்றினால் பந்து கிளம்பும் முன்பே கோட்டைத் தாண்டிவிடுகிறார். தனக்கு வழி சுலபமாகத் திறந்தால் உற்சாகமாக உள்ளே ஓடுகிறார். அது ஸ்க்ரீன் பாஸுக்கான பொறி என்று தெரிவதற்குள் பந்து தலைக்கு மேல் போய்விடுகிறது. மூத்தவர் அங்கே ஒரு கணம் நின்று யோசிப்பார். முதல் பாதி முழுக்க வெளிப்பக்கமாகவே போய்க்கொண்டிருந்துவிட்டு, உள்பக்க வெட்டை நான்காவது குவார்ட்டருக்கென்று சேமித்து வைக்கும் பொறுமையும் அவரிடம் இருக்கும்.

ரூக்கியின் உடம்புக்கும் ஒரு கணக்கு உண்டு, அதைப் பலர் பார்ப்பதில்லை. கல்லூரி சீசன் ஆகஸ்டில் தொடங்கி டிசம்பர், ஜனவரி வரை போகும். முடிந்தவுடன் டிராஃப்டுக்கான பயிற்சி. பிப்ரவரி கடைசியில் கம்பைன் என்ற உடற்திறன் சோதனை, ஏப்ரல் கடைசியில் டிராஃப்ட், மே மாதம் ரூக்கி முகாம், ஜூலையில் அணி முகாம், அப்புறம் 17 ஆட்டங்கள். ஓய்வே இல்லாத ஒன்றரை வருடம். கல்லூரியில் வழக்கமான சீசனே 12 ஆட்டம்தான். நவம்பர் நடுவில் அவர் கால் கனக்க ஆரம்பிப்பதை சோம்பல் என்று சொல்லக்கூடாது.

சரி, முதல் வழி: ரூக்கியைக் காக்கவைப்பது. மூத்தவர்கள் தொடக்க வரிசையில் நிற்பார்கள், ரூக்கி ஒரு ஆட்டத்துக்கு 15, 20 ஸ்னாப் ஆடுவார். பயிற்சியாளருக்கு இது பாதுகாப்பான வழி. தவறு நடந்தால் யாரும் அவரைக் குறை சொல்லமாட்டார்கள். இதன் ஆபத்துக்கு ஆரன் டொனால்டைவிட நல்ல உதாரணம் இல்லை. 2014 டிராஃப்டில் 13-வதாக செயின்ட் லூயிஸ் ராம்ஸுக்கு வந்தார். அந்த சீசனின் 16 ஆட்டங்களில் 12-இல்தான் தொடக்க வரிசையில் இறங்கினார். அதிலேயே 9 சாக் (குவார்ட்டர்பேக்கைப் பந்தோடு கீழே தள்ளுவது) எடுத்து, அந்த வருடத்தின் சிறந்த டிஃபென்சிவ் ரூக்கி விருதையும் வாங்கினார். அப்படிப்பட்ட ஒருவரை ஒரு வாரம் காக்கவைத்தாலும் நஷ்டம்தான். ஆனால் டொனால்டை வைத்து எல்லா ரூக்கியையும் அளக்க முடியாது. பின்னாளில் அவர் கிட்டத்தட்ட முழு ஆட்டமும் களத்தில் நின்று, 2022 பிப்ரவரி சூப்பர் பவுலில் எதிரணியின் கடைசி டவுனில் (10 யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் ஒவ்வொன்றும் ஒரு டவுன்) குவார்ட்டர்பேக் ஜோ பர்ரோவைப் பிடித்துச் சுழற்றி ஆட்டத்தை முடித்தவர். அவர் எந்த விதிக்கும் விலக்கு.

மறுபக்கம், கிரஹாமின் கதை. 2010-இல் 13-வதாக எடுக்கப்பட்டவர். முதல் சீசனிலேயே முழங்கால் காயம். வருடக்கணக்கில் மாற்று ஆளாகவே இருந்தார். வீணாய்ப்போன தேர்வு என்று ஃபிலடெல்ஃபியாவே பேசியது. 2015-இல்தான் நிரந்தரமாகத் தொடக்க வரிசைக்கு வந்தார். காத்திருப்பு அவரைக் கெடுக்கவில்லை. ஆனால் அது அவருடைய மனசின் பலம், அந்த வழியின் பலம் என்று நான் சொல்லமாட்டேன். ஐந்து வருடம் ஓரமாக உட்காரவைத்தால் பெரும்பாலானவர்கள் வேறு ஊருக்குப் போயிருப்பார்கள்.

இரண்டாவது வழி: முதல் நாளே முழுப் பொறுப்பு. 2019-இல் சான் ஃபிரான்சிஸ்கோ 49ers நிக் போசாவை இரண்டாவது தேர்வாக எடுத்தது. ஆரம்பத்திலிருந்தே அவர்தான் முதன்மை ரஷர் (குவார்ட்டர்பேக்கை நோக்கிப் பாய்பவர்). 9 சாக், சிறந்த டிஃபென்சிவ் ரூக்கி விருது, அணி சூப்பர் பவுல் வரை போனது. இது எப்படிச் சாத்தியமானது என்று பார்க்க வேண்டும். அவர் பக்கத்தில் டிஃபாரஸ்ட் பக்னரும் ஆரிக் ஆர்ம்ஸ்டெடும் இருந்தார்கள். மறு ஓரத்துக்கு டீ ஃபோர்டை அந்த வருடம்தான் கொண்டுவந்திருந்தார்கள். ரூக்கியின் தோளில் எல்லா பாரமும் விழவில்லை. ஃபோர்ட் காயத்தால் பல வாரம் வெளியே இருந்தபோது அந்த லைனின் அழுத்தம் குறைந்தது. சூப்பர் பவுலில் நான்காவது குவார்ட்டர் வரை 20–10 என்று முன்னிலை. ஏழு நிமிடம் மீதி இருக்கும்போது மூன்றாவது டவுன், 15 யார்டு வேண்டும். எதிரணியான கான்சாஸ் சிட்டியின் குவார்ட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸ் வெகுதூரம் பின்வாங்கி 44 யார்டு எறிந்தார். நால்வரும் வந்து சேர்வதற்குள் பந்து கையைவிட்டுப் போயிருந்தது. கடைசியில் 31–20 என்று கான்சாஸ் சிட்டி ஜெயித்தது. ஒரே காரணத்தால் தோற்றார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த ஒரு ஸ்னாப்புக்கு இன்னும் கொஞ்சம் கால் மிச்சமிருந்திருக்கலாமே என்று இன்றும் எனக்குத் தோன்றும்.

இந்த வழி ஓரத்தில் நிற்கும் எண்ட்களுக்கு ஓரளவு பொருந்தும். அங்கே வேகத்துக்கே பாதி வெற்றி. நடுவில் நிற்கும் நோஸ் டேக்கிளுக்கு பொருந்தாது என்பது என் கருத்து. அங்கே எதிரணியின் சென்டரும் கார்டும் சேர்ந்து தள்ளுவார்கள். இடுப்பைத் தாழ்த்தி, இருவரையும் தாங்கி, பந்து எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்கும் நிதானம் வருடங்களில் வருவது.

மூன்றாவதுதான் நான் மனதார நம்பும் வழி: அலை அலையாக இறக்குவது. 2017 ஈகிள்ஸில் டிஃபென்ஸை நடத்திய ஜிம் ஷ்வார்ட்ஸ் செய்தது இது. கிரஹாம், ஃப்ளெட்சர் காக்ஸ், டிம் ஜெர்னிகன், வின்னி கரி முதல் அலை. பின்னால் பார்னெட், கிறிஸ் லாங், போ ஆலன். சில ஸ்னாப்புக்கு ஒருமுறை ஓரிருவர் வெளியே போவார்கள், ஓரிருவர் உள்ளே வருவார்கள். எதிரணியில் குவார்ட்டர்பேக்கைக் காக்கும் டேக்கிளோ அறுபது ஸ்னாப்பும் ஓய்வில்லாமல் நிற்பார். அவருக்கு ஒவ்வொரு சில நிமிடமும் புது ஆள், புது வேகம், புது வித்தை.

இதில் லாங்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2008 டிராஃப்டின் இரண்டாவது தேர்வு அவர். முந்தைய சீசனில் பேட்ரியாட்ஸோடு சூப்பர் பவுல் ஜெயித்துவிட்டு வந்திருந்தார். 32 வயதில், ஒரு ரூக்கியோடு இடத்தைப் பங்குபோட்டு இரண்டாம் அலையில் ஆடச் சம்மதித்தார். அந்த வருட அடிப்படைச் சம்பளம் முழுவதையும் கல்விக்கென்று கொடுத்தவரும் அவர்தான். லாங்குக்கு 5 சாக், பார்னெட்டுக்கு 5 சாக். வழக்கமான கண்ணில் இரண்டுமே பெரிய எண் இல்லை. ஆனால் ஜனவரி 21 அன்று, மின்னசோட்டா வைகிங்ஸுக்கு எதிரான என்.எஃப்.சி. இறுதி ஆட்டத்தில் (சூப்பர் பவுலுக்கு முந்தைய சுற்று), பார்னெட் வைகிங்ஸ் குவார்ட்டர்பேக் கேஸ் கீனமின் கையிலிருந்து பந்தைத் தட்டிவிட்டார். விழுந்த பந்தைப் பிடித்தவர் லாங். ரூக்கி தட்ட, மூத்தவர் பிடித்தார். இரண்டு வாரம் கழித்து மூத்தவர் தட்ட, ரூக்கி பிடித்தார். இத்தனை பேர் பங்குபோட்ட லைனில் கடைசிவரை கால் தெம்பாக இருந்தது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

இன்னொரு நுணுக்கம்: ஷ்வார்ட்ஸின் முறையில் லைன்மேனுக்குச் சொல்லும் வேலை எளிது. எதிரில் நிற்கும் இருவருக்கு நடுவே உன் இடைவெளி இது, பாய்ந்து உள்ளே போ. படிக்க வேண்டியது குறைவு, அதனால் ரூக்கி சீக்கிரம் பழகிவிடுவார். இரண்டு இடைவெளியையும் ஒருவரே பார்த்துக்கொள்ளும் முறையில் ஆடும் அணி இதே சுழற்சியை அப்படியே நகலெடுத்தால் சறுக்கும். சுழற்சியைத் தேர்ந்தெடுக்கும் முன் உங்கள் திட்டம் ரூக்கிக்கு எவ்வளவு வீட்டுப்பாடம் கொடுக்கிறது என்று பார்க்க வேண்டும்.

அலை முறைக்கும் பலவீனம் உண்டு, அதையும் ஈகிள்ஸ்தான் காட்டியது. 2022-இல் அவர்களிடம் டிராஃப்டின் 13-வது தேர்வு ஜோர்டன் டேவிஸ் இருந்தார். ஆறரை அடி உயரம், 341 பவுண்ட், அதாவது 155 கிலோவுக்கு அருகே. அந்த உடம்போடு 40 யார்டை 4.78 நொடியில் ஓடியவர். ஜார்ஜியா பல்கலைக்கழகத்திலேயே அளந்து அளந்து இறக்கப்பட்டு வளர்ந்தவர்தான். ஈகிள்ஸும் அப்படியே அளந்து பயன்படுத்தியது. ஆனால் நடுவில் இரண்டு பேரைத் தாங்கும் வேலைக்கு அவரைப் போல் இன்னொருவர் அணியில் இல்லை. அக்டோபர் கடைசியில் அவர் கணுக்கால் போனது. எட்டு ஆட்டம் தோற்காமல் வந்த அணி, நவம்பர் 14 அன்று வாஷிங்டனிடம் 32–21 என்று தோற்றது. அறுபது நிமிட ஆட்டத்தில் 40 நிமிடத்துக்கு மேல் பந்து வாஷிங்டனிடமே இருந்தது. ஓடி ஓடியே தீர்த்தார்கள். சுழற்ற ஆள் இருந்தும், அந்த ஒரு இடத்துக்கு இறக்க ஆள் இல்லை.

அதே வாரம் ஈகிள்ஸ் என்ன செய்தது என்று பாருங்கள்: 34 வயது லின்வல் ஜோசஃப், 35 வயது இண்டமுகன் சூ, இருவரையும் அடுத்தடுத்து ஒப்பந்தம் செய்தது. இரண்டு பேருமே அப்போது எந்த அணியிலும் இல்லாமல் வீட்டில் இருந்தவர்கள். முகாம், ஆகஸ்ட் வெயில் எதையும் பார்க்காத உடம்பு. சில நாட்களிலேயே களத்தில் நின்றார்கள், ஏனென்றால் அந்த வேலையைப் பத்து வருடத்துக்கு மேலாகச் செய்தவர்கள். ஒரு ரூக்கியை நவம்பரில் வாங்கி அப்படி இறக்க முடியுமா? முடியாது. மூத்தவர்களின் மதிப்பு இந்த இடத்தில்தான் தெரியும்.

அந்த சீசனில் ஈகிள்ஸ் 70 சாக் எடுத்தது. ஹாசன் ரெடிக் 16. ஜவோன் ஹார்கிரேவ், ஜோஷ் ஸ்வெட், கிரஹாம் ஆளுக்கு 11. ஒரே அணியில் நான்கு பேர் இரட்டை இலக்கம் தொட்டது அதுதான் முதல் முறை. கிரஹாமுக்கு அப்போது 34 வயது. முந்தைய வருடம்தான் குதிகால் தசைநார் அறுந்து சீசனை இழந்திருந்தார். தொடக்க வரிசையை இளையவர்களுக்கு விட்டுவிட்டு, பாதிக்கும் குறைவான ஸ்னாப்பில், வாழ்க்கையிலேயே முதல் முறையாக இரட்டை இலக்கம் தொட்டார். நட்சத்திரமாக நின்ற வருடங்களில் வராத எண், குறைவாக ஆடியபோது வந்தது. ஆனால் சூப்பர் பவுலில் அந்த லைனுக்கு ஒரு சாக்கும் கிடைக்கவில்லை. கான்சாஸ் சிட்டி பந்தை வேகமாக விட்டது, ஓடியது, 38–35 என்று ஜெயித்தது. 70 சாக் எடுத்த லைனும் ஒரு நாளில் வெறுங்கையோடு திரும்பும். இதை மறைத்துவிட்டு சுழற்சியைப் புகழ்வது நேர்மையாகாது.

நான்காவது வழி ஒன்று உண்டு, அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்: டவுனுக்குத் தக்க ஆள். முதல் இரண்டு டவுனில் கனமான மூத்தவர்கள், மூன்றாவது டவுனில் வேகமானவர்கள் மட்டும். 2007 நியூயார்க் ஜயண்ட்ஸ் மைக்கேல் ஸ்ட்ரேஹனையும் ஓசி உமெனியோராவையும் ஓரத்தில் வைத்து, எண்டான ஜஸ்டின் டக்கை உள்பக்கம் கொண்டுவந்தது. தோல்வியே காணாமல் 18 ஆட்டம் ஜெயித்து வந்த பேட்ரியாட்ஸை 17–14 என்று வீழ்த்திய ஆட்டத்தில், கடைசி நிமிடத்தில் பிரேடியைப் பலமாக அடித்து வீழ்த்தியது மூன்றாம் சுற்று ரூக்கி ஜே ஆல்ஃபர்ட். ரூக்கிக்கு ஒரே ஒரு வேலை கொடுத்து அதை மட்டும் கற்றுக்கொடுப்பது இதன் நன்மை. குறை என்னவென்றால், அவர் உள்ளே வந்தாலே பாஸை எதிர்பார்க்கிறார்கள் என்று எதிரணிக்குத் தெரிந்துவிடும். ஹடில் போடாமல் ஓட ஆரம்பித்தால் அந்த இலகுவான நால்வர் சிக்கிக்கொள்வார்கள்.

பணத்தையும் ஒதுக்க முடியாது. ரூக்கி ஒப்பந்தம் நான்கு வருடம், முதல் சுற்று ஆளுக்கு அணி விரும்பினால் ஐந்தாவதும் உண்டு. மலிவான அந்த வருடங்களில் அவர் ஆடப் பழகவில்லை என்றால், பழகும்போது இன்னொரு அணி அதிகச் சம்பளத்தோடு வாசலில் நிற்கும். அதனால்தான் முதல் வழியை நான் நீண்ட நாளைக்குச் சிபாரிசு செய்யமாட்டேன்.

என்னிடம் கேட்டால் அலை முறையையே எடுப்பேன், சில மாற்றங்களோடு. ரூக்கிகளை ஒன்றாகச் சேர்த்து இரண்டாம் அணியாக அனுப்பமாட்டேன். ஒவ்வொரு ரூக்கிக்குப் பக்கத்திலும் ஒரு மூத்தவர் இருக்க வேண்டும், எதிரணி ஆள் மாற்றாமல் சிறைவைத்தாலும் தாங்கும்படி. செப்டம்பரில் மூன்றில் ஒரு பங்கு ஸ்னாப்பில் தொடங்கி, தப்பு குறையக் குறைய அக்டோபரில் பாதிவரை ஏற்றுவேன். நவம்பர் நடுவில் அவர் நன்றாக ஆடினாலும் இரண்டு வாரம் குறைப்பேன். நோஸ் டேக்கிள் இடத்துக்கு மட்டும் எப்போதும் ஒரு மூத்தவர் கையிருப்பில். கடைசி எட்டு நிமிடத்தில் வயதைப் பார்க்காமல், அன்றைக்கு யாரிடம் கால் மிச்சமிருக்கிறதோ அவர்களை நிறுத்துவேன். இந்த வழிக்கு எட்டு ஒன்பது நல்ல ஆள் வேண்டும். நான்குதான் இருக்கிறது, ஐந்தாமவருக்கும் முதலாமவருக்கும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம் என்றால், அந்த நால்வரையே நிறுத்திவிட்டு டவுனுக்குத் தக்கபடி ஓய்வு கொடுப்பதுதான் நியாயம்.

ஜேலன் கார்ட்டரை ஈகிள்ஸ் வளர்த்தது கிட்டத்தட்ட இப்படித்தான். 2023-இல் ஒன்பதாவது தேர்வாக வந்தவருக்கு முதல் வருடம் பாதி ஸ்னாப் அளவுக்குத்தான் கொடுத்தார்கள். பக்கத்தில் தன் கடைசி சீசனை ஆடிக்கொண்டிருந்த காக்ஸ். கார்ட்டருக்கு 6 சாக். 10 வெற்றி, 1 தோல்வி என்றிருந்த அணி கடைசியில் 11–6 என்று சரிந்தபோது, அவரை இன்னும் அதிகம் ஆடவிட்டிருக்கலாம் என்ற குரல்கள் எழுந்தன. அடுத்த வருடம் காக்ஸ் ஓய்வுபெற்றார், கார்ட்டரின் சுமை வெகுவாக ஏறியது, அவர் தாங்கினார்.

2025 பிப்ரவரி 9, நியூ ஆர்லியன்ஸ். அதே கான்சாஸ் சிட்டி, அதே மஹோம்ஸ். ஈகிள்ஸ் டிஃபென்ஸை அப்போது நடத்திய விக் ஃபாஞ்சியோ ஒரு தடவைகூட பிளிட்ஸ் (முன்வரிசைக்கு மேல் கூடுதல் ஆளைப் பாய விடுவது) அனுப்பவில்லை. முன்வரிசை நால்வரை மட்டுமே நம்பினார். ஆறு சாக். கார்ட்டருக்கு அதில் ஒன்றும் இல்லை. அவரை இருவர் தாங்கிக்கொண்டிருந்தார்கள். ஸ்வெட்டுக்கு இரண்டரை, மாற்று ஆளாகவே வளர்ந்த மில்டன் வில்லியம்ஸுக்கு இரண்டு, டேவிஸுக்கு ஒன்று, அரை சாக் ஜாலிக்ஸ் ஹண்ட் என்ற ரூக்கிக்கு. நவம்பரில் கைத்தசை கிழிந்து, சீசன் முடிந்தது என்று எல்லோரும் நினைத்த 36 வயது கிரஹாமும் சில ஸ்னாப்புக்கு வந்து நின்றார். இடைவேளையில் ஈகிள்ஸ் 24, கான்சாஸ் சிட்டி 0.